மலைச் சூரியனும் மருத்துவ ஒளியும்

ஞாயிற்றை வணங்காத பழங்குடிகள் உலகில் மிகச் சிலவே. ஒளி தரும் தெய்வமாக மட்டுமன்றி நோய் தீர்க்கும் தெய்வமாகவும் மக்கள் அதனைப் போற்றினர். ஆயினும் அவ்வொளியை மருந்து போலக் கருதி, இன்ன நோய்க்கு இன்ன கதிர், இத்தனை நிமிடம் என வரையறுத்துக் கொடுக்க மனிதன் கற்றது ஏறக்குறையக் கடந்த நூற்றுமுப்பது ஆண்டுகளிலேயாகும். இன்று வைத்தியசாலைகளின் தோல் நோய்ப் பிரிவுகளிலும் நகரங்களின் அழகு நிலையங்களிலும் வழங்கும் ஒளிச் சிகிச்சை அவ்வாறு பிறந்ததே. அதன் வரலாறு ஒளியின் அளவு கண்டறியப்பட்ட வரலாறாகும். அளவு தவறியதால் விளைந்த கேடுகளும் அதனுள் அடங்கும். தேயிலை மலைகளில் வாழும் மக்களுக்கு இவ்வரலாறு வெறும் பிறநாட்டுச் செய்தியன்று என்பதை இக்கட்டுரை விளக்க முயலும்.

டிக்கோயா, அட்டனுக்கும் நோர்வூட்டுக்கும் இடையில், காசல்றீ நீர்த்தேக்கத்தை அண்டி, கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1200 மீற்றர் உயரத்தில் அமைந்த ஊராகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னர் அங்கிருந்த காடு வெட்டப்பட்டுக் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. 1869ஆம் ஆண்டில் இலங்கையிற் காணப்பட்ட இலைநோய் நாளடைவிற் கோப்பியை அழித்துவிட, அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. 1884இல் புகையிரதப் பாதை அட்டனை எட்டியது. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்த மக்களின் உழைப்பினால் இம்மாற்றங்கள் நிகழ்ந்தன. காட்டு நிழல் போய் வெட்டவெளிச் சரிவுகள் உண்டாயின. அச்சரிவுகளிலேயே அம்மக்களின் வழித்தோன்றல்கள் இன்றும் நிரை பிடித்துக் கொழுந்து பறிக்கின்றனர்.

மலைநாட்டின் குளிரும் பனிமூட்டமும் வெயிலின் வன்மையை மறைத்து விடுகின்றன. குளிர்ந்த காற்று வீசும்போது வெயில் சுடுவதாகத் தோன்றுவதில்லை. ஆனால் தோலைப் பெரிதும் தாக்குவது வெயிலின் வெப்பமன்று. ஊதா நிறத்துக்கு அப்பால் உள்ள, கண்ணுக்குப் புலனாகாத கழியூதாக் கதிர்களேயாம். 1000 மீற்றர் உயரம் ஏறுந்தோறும் இக்கதிர்கள் ஏறக்குறைய நூற்றுக்குப் பத்து வீதம் மிகுகின்றன. மெல்லிய முகில் அவற்றைப் பெரிதும் தடுப்பதில்லை. மேலும், இலங்கை நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் உள்ள நாடு. ஏப்பிரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் தொடக்கத்தை ஒட்டியும் நண்பகற் சூரியன் தலைக்கு நேர்மேலே நிற்கிறது. காலையிற் பெரட்டுக்களத்திலிருந்து மலைக்கு ஏறும் பெண், மாலையிற் கொழுந்து நிறுக்கும்வரை பெரும்பாலும் இவ்வொளியிலேயே நிற்கிறாள். தலையிற் போட்ட துணியும் இடுப்பிற் கட்டிய படங்குமே அவளுக்குக் காப்பு. கன்னத்திலும் நெற்றியிலும் கருமையாகப் படரும் மங்கு என்னும் தோல் மாற்றத்தை வெயில் வளர்க்கும் என்பது வைத்தியர் யாவரும் உடன்படும் உண்மை.

ஏறக்குறைய இதே உயரத்தில், சுவிற்சர்லாந்து நாட்டின் ஆல்ப்ஸ் மலையில், லெய்சின் என்னும் ஊர் உள்ளது. 1903ஆம் ஆண்டில் ஓகுஸ்ட் ரோலியே என்னும் வைத்தியர் அங்கே ஒரு வைத்தியசாலையைத் திறந்தார். எலும்பையும் மூட்டையும் தோலையும் பற்றிய காசநோய்க்கு அவர் கையாண்ட மருந்து மலை வெயிலே. ஆனால் நோயாளியை வெயிலிற் கிடத்திவிட்டு அவர் வாளாவிருக்கவில்லை. முதல் நாளிற் பாதங்கள் மட்டும் சில நிமிடங்கள் வெயிலிற் காட்டப்பட்டன. அடுத்த நாளிற் கால்கள், பின்னர் தொடை, வயிறு, மார்பு எனப் படிப்படியாகப் பரப்பும் நேரமும் கூட்டப்பட்டன. தோல் சிவந்தால் நேரம் குறைக்கப்பட்டது. டிக்கோயாவிலும் லெய்சினிலும் காய்ந்தது ஒரே சூரியனே. ஆனால் ஓரிடத்தில் அது கடிகாரம் பார்த்துக் கொடுக்கப்பட்டது. மற்றையவிடத்தில் அதனை அளப்பாரில்லை. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டு ஒளிச் சிகிச்சையின் வளர்ச்சியை நோக்குதல் தகும்.

தோல் நோய்க்கு வெயிலைப் பயன்படுத்தும் முறை கீழைத்தேயத்தில் மிகப் பழையது. தோலின் நிறம் அழிந்து வெண்மை படரும் நோயை அதர்வ வேதம் குறிப்பிட்டு, அதனைப் போக்குமாறு மூலிகையை வேண்டுகிறது. கண்ணபிரானின் மகன் சாம்பன் கொடிய தோல் நோயுற்றுச் சூரியனை வழிபட்டு நலம் பெற்றான் என்பது புராண வரலாறு. தமிழ்நாட்டில் முதலாங் குலோத்துங்க சோழன் காலத்தில் எழுந்த சூரியனார் கோயிலும் இத்தகைய நம்பிக்கையோடு தொடர்புடையதே. நம்பிக்கை ஒருபுறமிருக்க, ஆயுள்வேத வைத்தியர் வாகுசி என்றும் தமிழ் வைத்தியர் கார்போகரிசி என்றும் வழங்கிய ஒரு செடியின் விதை வெண்படைக்கு மருந்தாகக் கொடுக்கப்பட்டது. மருந்தை உண்டோ பூசியோ வெயிலிற் காய்வது அச்சிகிச்சையின் ஒரு பகுதி. எகிப்தில் நைல் ஆற்றோரம் வளரும் வேறொரு செடியின் விதையும் இவ்வாறே பயன்பட்டது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னு அல்-பைத்தார் என்னும் அறிஞர் அவ்விதையை உண்டு வெயிலில் இருக்கும் முறையை எழுதி வைத்துள்ளார். தொலைவில் உள்ள இரு நாடுகள் வெவ்வேறு செடிகளைக் கொண்டு ஒரே முடிவுக்கு வந்தமை வியப்புக்குரியது. இரண்டு செடிகளிலும் ஒரே இனத்தைச் சேர்ந்த இரசாயனப் பொருள்கள் இருந்தமையே அதன் காரணம் என்பது இருபதாம் நூற்றாண்டிலேயே தெளிவாயிற்று.

ஒளியின் இயல்பை அறியாது அதனை அளத்தல் இயலாது. பதினேழாம் நூற்றாண்டில் நியூட்டன் வெண்ணிற ஒளியை அரியத்தினாற் பல நிறங்களாகப் பிரித்துக் காட்டினார். 1800இல் வில்லியம் ஹேர்செல் செந்நிறத்துக்குக் கீழே வெப்பந்தரும் கதிர்கள் உள்ளன என்று கண்டார். அடுத்த ஆண்டில் ஜேர்மானியராகிய ரிற்றர், ஊதா நிறத்துக்கு அப்பாலும் கதிர்கள் உள்ளன என்பதை வெள்ளிக் குளோரைட்டு கறுப்பதைக் கொண்டு நிறுவினார். 1877இல் டவுன்ஸ், பிளன்ற் என்னும் ஆங்கிலேயர் இருவர் சூரிய ஒளி பற்றீரியாக்களைக் கொல்லும் என்று காட்டினர். ஒளியை மருந்தாக்குவதற்கு வேண்டிய அடிப்படை அறிவு இவ்வாறு சேர்ந்தது.

அவ்வறிவை மருத்துவமாக்கியவர் நீல்ஸ் பின்சன். டென்மார்க்குக்கு உட்பட்ட பாரோத் தீவுகளில் 1860இற் பிறந்த இவர், வாலிபத்திலேயே தீரா நோய்க்கு ஆளானவர். வெயில் தமக்கு ஆறுதல் தருவதை உணர்ந்து, ஒளிக்கும் உயிருக்கும் உள்ள தொடர்பை ஆராயத் தொடங்கினார். அக்காலத்தில் ஐரோப்பாவில் முகத்தோலைப் பற்றி மூக்கையும் உதட்டையும் அரித்தழிக்கும் ஒருவகைக் காசநோய் பரவியிருந்தது. அந்நோயுற்றோர் முகத்தை மூடிக்கொண்டு மக்களிடமிருந்து ஒதுங்கி வாழ்ந்தனர். பின்சன் கரி வில்விளக்கின் ஒளியைப் படிகக்கல் வில்லைகளாற் குவித்து, நீரினாற் குளிர்வித்து, நோயுற்ற இடத்தில் மட்டும் படும்படி செலுத்தினார். 1895இல் அம்முறையைத் தொடங்கிய அவர், 1896இற் கோப்பன்ஹேகன் நகரில் மருத்துவ ஒளி நிலையத்தை நிறுவினார். ஒவ்வொரு சிறிய இடத்துக்கும் நெடுநேர ஒளி தேவைப்பட்டது; தாதியர் பொறுமையோடு வில்லையைத் தோலில் அழுத்திப் பிடித்திருந்தனர். பல நூறு நோயாளிகள் நலம் பெற்றனர். 1903ஆம் ஆண்டுக்குரிய மருத்துவ நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே, தமது நாற்பத்து மூன்றாம் வயதில், அவர் காலமானார்.

டென்மார்க்கிற் பிறந்து இங்கிலாந்தின் அரச குடும்பத்தில் மணம் புரிந்த அலெக்சாந்திரா, 1900ஆம் ஆண்டில் இவ்விளக்கை இலண்டன் வைத்தியசாலை ஒன்றுக்கு அறிமுகம் செய்தார். இவ்வாறு ஒளிச் சிகிச்சை நாடுகடந்து பரவிற்று. இதிற் கவனிக்கத்தக்க வேறொரு செய்தியும் உண்டு. தமது விளக்கின் ஆற்றல் கழியூதாக் கதிர்களாலேயே விளைந்தது என்று பின்சன் கருதினார். ஆனால் அவருடைய வில்லைகளை 2005இல் ஆராய்ந்தோர், அவை குறுகிய கழியூதாக் கதிர்களைத் தடுத்திருக்கும் என்று கண்டனர். காசநோய்ப் பற்றீரியாவிலுள்ள போபிரின் என்னும் பொருள் நீண்ட கழியூதாக் கதிரையும் நீல ஒளியையும் உறிஞ்சி, உயிர் கொல்லும் ஒருவகை ஒட்சிசனைத் தோற்றுவித்ததே நோய் நீங்கக் காரணம் என்பது அவர்களின் முடிவு. மருந்து பலித்தது, அது பலித்த வழி நூறாண்டின் பின்னரே புலப்பட்டது. முகப்பருவுக்கு இன்று அழகு நிலையங்களிற் காட்டப்படும் நீல ஒளியும் இதே முறையில் வேலை செய்கிறது என்பது பின்னர்க் கூறப்படும்.

வெயில் குறைந்த நாடுகள் சூரியனுக்குப் பதிலியைத் தேடின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேர்மனியின் ஹனாவ் நகரில் இரச ஆவியும் படிகக்கற் குழாயும் கொண்ட விளக்குச் செய்யப்பட்டது. அது கழியூதாக் கதிர்களை மிகுதியாக வீசியது. விற்பனைக்கு வந்தபோது அவ்விளக்குக்கு இட்ட பெயர் ‘செயற்கை மலைச் சூரியன்’ என்னும் பொருள் தருவது. மலை வெயிலைக் காசு கொடுத்து வீட்டுக்குள் வாங்கி வைக்க ஐரோப்பியர் விரும்பிய காலம் அது. அதே காலத்தில் இலங்கையின் மலைச் சூரியனுக்குக் கீழே கூடை சுமந்து நின்றவர்களுக்கு அதிலிருந்து ஒதுங்க ஒரு நிழல் அரிதாயிருந்தது.

இவ்வலை இந்தியாவையும் எட்டியது. இங்கிலாந்துக்காகக் கிரிக்கெட் ஆடிப் புகழ் பெற்ற இரஞ்சித்சிங்ஜி, பின்னர் நவாநகர் என்னும் சுதேச இராச்சியத்தின் மன்னரானார். அவருடைய ஆதரவில், பாரிசில் ஒளிச் சிகிச்சை நிலையம் நடத்திய ஜான் சைத்மன் என்னும் வைத்தியரின் திட்டப்படி, குஜராத்தின் ஜாம்நகரிற் சுழலும் சூரிய சாலை ஒன்று 1933இல் அமைக்கப்பட்டது. ஏறக்குறைய 40 அடி உயரமான கோபுரத்தின் மேல் பத்து அறைகள் கொண்ட நீண்ட மேடை வைக்கப்பட்டது. சூரியன் நகர நகர அம்மேடையும் மெல்லச் சுழன்று அதனை எதிர்நோக்கி நிற்கும். கதிர்களைக் குவிக்கவும் வடிகட்டவும் அறைகளிற் கண்ணாடிகள் பொருத்தப்பட்டன. தோல் நோயினரும் மூட்டு நோயினரும் அங்கே சிகிச்சை பெற்றனர். சைத்மனின் முறையில் இத்தகைய சாலைகள் மூன்றே எழுந்தன. ஏனைய இரண்டும் பிரான்சில் அமைந்தவை. இன்று எஞ்சி நிற்பது ஜாம்நகரில் உள்ளது மட்டுமே. அதுவும் பயன்பாட்டில் இல்லை. வெயிலுக்குக் குறைவில்லாத நாட்டிற் சூரியனைத் துரத்தும் மாளிகை எதற்கு என்று சிலர் நகைக்கலாம். ஆனால் அம்மாளிகை சூரியனை மிகுதியாகப் பெறுவதற்கு மட்டும் எழுந்ததன்று. வேண்டிய கதிரை, வேண்டிய கோணத்தில், வேண்டிய நேரம் பெறுவதற்கென எழுந்தது.

1940களிற் காசநோயைக் கொல்லும் ஸ்திரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டதும், பின்சனின் விளக்கும் ரோலியேயின் மலையும் தம் பழைய வேலையை இழந்தன. ஒளிச் சிகிச்சை அத்துடன் முடிந்திருக்கக்கூடும். அதனைக் காத்தவை கீழைத்தேயத்தின் பழைய விதைகளே. 1933இல் ஜோயிஸ், மஞ்சுநாத், வெங்கடராவ் என்னும் இந்திய இரசாயன அறிஞர்கள் கார்போகரிசியின் விதையிலிருந்து சோராலென் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். 1947இல் எகிப்தியர் தம் நாட்டுச் செடியிலிருந்து அதே இனப் பொருளைத் தூய்மையாகப் பெற்றனர். அடுத்த ஆண்டிற் கெய்ரோவைச் சேர்ந்த எல் மொப்தி என்னும் வைத்தியர், அதனைக் கொடுத்து வெயிலிற் காட்டி வெண்படையைக் குணப்படுத்திய செய்தியை வெளியிட்டார். சோராலென் தனித்து வேலை செய்வதில்லை. அது தோலின் உயிரணுக்களிற் சேர்ந்து நிற்க, நீண்ட அலையுடைய கழியூதாக் கதிர் பட்டவுடன் மரபுப் பொருளோடு பிணைகிறது. அதனால் உயிரணு பெருகும் வேகம் குறைகிறது. நிறம் ஊட்டும் உயிரணுக்கள் தூண்டப்படுகின்றன.

1974ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பரிஷ், பிற்ஸ்பற்றிக், தனன்போம், பதக் ஆகிய நால்வரும் சோராலெனையும் கழியூதா விளக்கையும் சேர்த்துக் காளாஞ்சகப்படை என்னும் சொரியாசிஸ் நோயைத் தணித்த முறையை அறிவித்தனர். அவர்களுள் பதக் இந்தியாவிற் பிறந்தவர். ஆயுள்வேத வைத்தியரின் விதையும் ஞாயிறும் இவ்வாறு மாத்திரையும் விளக்குமாக உருமாறி உலக மருத்துவத்தில் இடம்பெற்றன. ஆனால் ஆண்டுகள் செல்ல, இச்சிகிச்சையை மிகப் பல முறை பெற்ற வெண்ணிறத் தோலினரிடத்தே தோற் புற்றுநோய் மிகுவது கண்டறியப்பட்டது. எனவே வேறு வழி தேடப்பட்டது. 1981இற் பரிஷும் ஜெனிக்கும் கழியூதாக் கதிர்களில் எந்த அலைநீளம் நோயைத் தணிக்கும், எந்த அலைநீளம் வெறுமனே சுடும் என்று தனித்தனியே அளந்தனர். அதன் பயனாக 311 நனோமீற்றரை ஒட்டிய ஒடுங்கிய கதிர்களை மட்டும் வீசும் குழாய் விளக்கு வழக்கத்துக்கு வந்தது. அதற்கு மாத்திரை வேண்டியதில்லை, கருப்பிணிகளுக்கும் கொடுக்கலாம். 1997இல் நெதர்லாந்து வைத்தியர்கள் வெண்படைக்கும் அது பயன்படும் என்று காட்டினர். இன்று பெரிய வைத்தியசாலைகளில் நோயாளி நின்று ஒளி பெறும் அறைகளில் உள்ளவை பெரும்பாலும் இவ்விளக்குகளே. சில வினாடிகளிலிருந்து தொடங்கிச் சில நிமிடங்கள் வரை நேரம் கூட்டப்படுகிறது. ரோலியேயின் படிமுறை இங்கும் மாறவில்லை.

வைத்தியசாலை விளக்கின் வரலாறு இது. அழகு நிலையங்களின் விளக்குக்கு வேறொரு மூலம் உண்டு. 1960இல் அமெரிக்கராகிய மைமன் முதல் லேசரை இயக்கினார். மூன்றாண்டுகளுக்குள் லியோன் கோல்ட்மன் என்னும் வைத்தியர் அதனைத் தோலிற் பயன்படுத்தி ஆராய்ந்தார். 1967இல் ஹங்கேரியின் மெஸ்தர், மயிர் மழித்த எலிகளின் மேல் வலுக்குறைந்த செந்நிற லேசரைச் செலுத்தியபோது, அவ்விடத்தில் மயிர் விரைந்து வளர்வதைக் கண்டார். சுடாத ஒளியும் உயிரணுக்களைத் தூண்டலாம் என்னும் எண்ணம் அதிலிருந்து பிறந்தது. 1983இல் அண்டர்சனும் பரிஷும் மற்றொரு விதியை வகுத்தனர். ஒரு நிறப்பொருள் உறிஞ்சும் அலைநீளத்தைத் தெரிந்து, வெப்பம் அயலிற் பரவுமுன் முடிந்துவிடும் அளவுக்குச் சுருக்கமாக ஒளியைப் பாய்ச்சினால், அந்நிறப்பொருளை மட்டும் அழித்து ஏனைய தோலைக் காக்கலாம் என்பதே அவ்விதி. மயிர் நீக்கல், பச்சை அழித்தல், பிறவிச் செம்மறு நீக்கல் முதலிய லேசர்ச் சிகிச்சைகள் யாவும் இவ்விதியின் வழிவந்தவை.

1990களில் விண்வெளியிற் செடி வளர்ப்பதற்கென அமைக்கப்பட்ட எல்.ஈ.டி. விளக்குகள் காயம் ஆற்றவும் உதவுமா என அமெரிக்காவில் ஆராயப்பட்டது. அதே காலத்தில் யப்பானியர் ஆற்றல் மிக்க நீல எல்.ஈ.டி.யை உருவாக்கினர், அதற்கு 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. மலிவான, சுடாத, நிறம் தெரிந்து வாங்கக்கூடிய இவ்விளக்குகளே இன்று தோல் பேணும் நிலையங்களில் நிறைந்துள்ளன. முகம் தூய்மை செய்யப்பட்டுக் கண்கள் மூடப்படும். விளக்குப் பலகை முகத்துக்கு மேலே குறித்த தூரத்தில் நிறுத்தப்படும். பத்து முதல் இருபது நிமிடம் வரை ஒளி காட்டப்படும். சில வாரங்களுக்கு இது திரும்பத் திரும்பச் செய்யப்படும். 415 நனோமீற்றரை ஒட்டிய நீல ஒளி முகப்பருப் பற்றீரியாவின் போபிரினைத் தாக்குகிறது. பின்சன் அறியாது பயன்படுத்திய வழி இதுவே. 630 நனோமீற்றரை ஒட்டிய செவ்வொளி சற்று ஆழமாகச் சென்று அழற்சியைத் தணிக்கவும் சுருக்கங்களை ஓரளவு குறைக்கவும் உதவலாம். பயன் உண்டு; ஆனால் அது அளவானது. விளம்பரங்கள் கூறுமளவு அன்று. இவ்விளக்குகளிற் கழியூதாக் கதிர் இல்லை. ஆதலின் வெண்படைக்கும் காளாஞ்சகப்படைக்கும் கொடுக்கும் வைத்தியசாலைச் சிகிச்சைக்கு இவை ஈடாகா.

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழுதல் இயல்பு. இவ்வளவுகள் யாவும் யாருடைய தோலிற் கண்டறியப்பட்டன? பிற்ஸ்பற்றிக் 1975இல், சோராலெனோடு கழியூதாக் கதிர் கொடுக்கும்போது தொடக்க அளவை எவ்வாறு தீர்மானிப்பது என்பதற்காகத் தோலை வகைப்படுத்தினார். முதலில் அவர் வகுத்தவை வெண்ணிறத் தோலுக்குரிய நான்கு வகைகளே. கபில நிறத் தோலும் கறுப்பு நிறத் தோலும் ஐந்தாம், ஆறாம் வகைகளாகப் பின்னரே சேர்க்கப்பட்டன. உலகிற் பெரும்பாலோரின் தோல் அட்டவணையின் இறுதியில் வந்து சேர்ந்தது. இதனால் நேர்வன யாவை? மயிரின் கருமையை நாடிச் செல்லும் லேசர், கரிய தோலின் மெலனினையும் இலக்காகக் கொண்டு சுட்டுவிடும். ஆதலிற் கரிய தோலுக்கு 1064 நனோமீற்றர் போன்ற நீண்ட அலைநீளமே பாதுகாப்பானது. 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு, கண்ணுக்குப் புலனாகும் ஒளியுங்கூடக் கரிய தோலில் நீடித்து நிற்கும் கருமையை உண்டாக்கும் என்றும், வெண்ணிறத் தோலில் அவ்வாறு நிகழவில்லை என்றும் காட்டியது. ஆகவே மங்கு உள்ள முகத்துக்கு நீல ஒளியையோ கடுமையான ஒளித் துடிப்பையோ கொடுத்தால், நீங்க வேண்டிய கருமை மிகுதலும் கூடும். வெள்ளைத் தோலுக்கென எழுதிய அளவை அப்படியே பின்பற்றும் நிலையம் தோலைப் பேணுவதாகாது.

கரிய தோலை வெளுக்கச் செய்வதே தோல் பேணுதல் என்ற எண்ணமும் பிழையானது. மெலனின் கழியூதாக் கதிர்களைத் தடுக்கும் இயற்கைக் குடையாகும். மலைச் சரிவில் நாள்முழுதும் நிற்போரிடையே தோற் புற்றுநோய் பெருகாமைக்கு அக்குடையே முதற் காரணம். அதனைப் பழித்து அழிக்க முற்படுவது அறியாமை. அழகுக்காக உடலைக் கருக்கும் கழியூதாப் படுக்கைகளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2009இற் புற்றுநோய் விளைவிப்பவற்றின் முதல் வகையிற் சேர்த்தது. வெண்மையை வேண்டுவோரும் கருமையை வேண்டுவோரும் ஒருங்கே துன்புறுவதைக் காணும்போது, கேடு நிறத்தில் இல்லை, ஆசையிலேயே உண்டு என்பது புலனாகும்.

ஒளிச் சிகிச்சை உண்மையில் வேண்டியவர் வேறு யாவர்? வெண்படையுற்றோர் அவருள் முதல்வர். அவர்களை நோயினும் மிகுதியாக வருத்துவது நோயின் பெயர். வெண்குட்டம் என்று அதனை அழைத்ததனாற் குட்டநோயோடு அது மயங்கிற்று. இலங்கையில் ஒல்லாந்தர் 1708இல் ஹெந்தளையிற் குட்டநோயாளருக்கென வைத்தியசாலை அமைத்த காலம் தொட்டு, அந்நோயுற்றோர் ஊரினின்று விலக்கப்பட்டனர். அவ்வச்சத்தின் நிழல் வெண்படையுற்றோர் மேலும் விழுந்தது. உண்மையில் இரண்டுக்கும் தொடர்பே இல்லை. குட்டநோய் ஹன்சன் 1873இற் கண்ட பற்றீரியாவினால் வருவது. அதன் படைகளில் உணர்ச்சி குன்றும். இன்று அதற்கு முழுமையாகக் குணந்தரும் மருந்துகள் உண்டு. வெண்படையோ உடலின் எதிர்ப்பாற்றல் தன் நிற உயிரணுக்களையே தாக்குவதால் வருவது, உணர்ச்சி குன்றாது, தொட்டாலும் உடன் உண்டாலும் பிறருக்குப் பரவாது. ஆதலின் வெண்புள்ளி என்னும் பெயர் அண்மைக் காலத்தில் வழக்குப் பெற்று வருவது நன்று. வகுப்பறையில் ஒரு மாணவியின் விரலில் வெண்மை தோன்றினால், அருகில் இருப்பவள் இடம் மாறி அமர்வதைத் தடுக்க எந்த விளக்கினாலும் இயலாது. அங்கே ஆசிரியர் சொல்லும் இரண்டு வாக்கியங்களே மருந்து.

சிகிச்சை உண்டு என்பதும் அது கிட்டுகிறது என்பதும் ஒன்றல்ல. 311 நனோமீற்றர் ஒளியை வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, பல மாதங்கள் தொடர்ந்து பெறுதல் வேண்டும். முகத்தில் நிறம் விரைந்து மீளும். விரல் நுனிகளில் மிகத் தாமதமாகும், சிலருக்கு மீளாமலும் போகும். நாட்கூலி பெறும் தொழிலாளிக்கு ஒவ்வொரு பயணமும் ஒரு நாட் சம்பளம். லயத்திலிருந்து தொலைநகரத்துக்குச் சென்று சில நிமிட ஒளி பெற்றுத் திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். இத்தகையோர் நான்கு வாரம் சென்று, பலன் தோன்றுமுன் நிறுத்திவிடுவது வியப்பன்று. 2017ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள், இந்திய உதவியோடு அமைந்த 150 கட்டில்கள் கொண்ட வைத்தியசாலை டிக்கோயாவில் இந்தியப் பிரதமரால் திறந்து வைக்கப்பட்டது. மலைநாட்டில் இத்தகைய பெரிய வைத்தியசாலைகள் எழுவது, அளந்த ஒளியையும் ஒரு நாள் மக்களின் அண்மைக்குக் கொண்டுவரும் என்னும் நம்பிக்கையைத் தருகிறது. இந்தியாவில் விளக்குக்கு வசதியற்றோர்க்குச் சோராலெனையும் சூரிய ஒளியையும் கொடுக்கும் முறை நெடுங்காலமாக உண்டு. ஆனால் அதுவும் வைத்தியரின் கணக்குப்படி நடைபெற வேண்டியதே. கார்போகரிசியைத் தாமே அரைத்துப் பூசி நண்பகல் வெயிலில் நிற்போர் கொப்புளங்களோடு திரும்புவர்.

எனவே தோல் பேணும் ஒளியை நாடுவோர் சிலவற்றைக் கேட்டறிதல் வேண்டும். விளக்கின் அலைநீளம் யாது? இயக்குபவர் எங்கே பயின்றார்? கண்ணுக்குக் காப்பு உண்டா? முதலிற் சிறியதோர் இடத்திற் சோதித்துப் பார்த்தனரா? உண்ணும் மருந்துகளைப் பற்றி வினவினரா? முகப்பருவுக்குக் கொடுக்கும் டொக்சிசைக்கிளின் போன்ற சில மருந்துகள் தோலை ஒளியால் எளிதிற் புண்படச் செய்யும். படையோ மறுவோ இன்னதென்று வைத்தியர் கண்டறியுமுன் அதன்மேல் ஒளி பாய்ச்சுவது தவறு. இக்கேள்விகளுக்கு விடை கூறத் தயங்கும் நிலையத்தை விட்டு நீங்குவதே தக்கது.

பின்சன் முதல் இன்று வரை ஒளியை ஆராய்ந்தோர் யாவரும் கற்றது ஒன்றே: ஒரே கதிர் அளவோடு வரின் மருந்து, அளவின்றி வரின் நோய். இப்பாடத்தை நோயாளிக்கு மட்டும் உரியதாகக் கொள்ளாது தொழிலாளிக்கும் உரியதாகக் கொள்ளுதல் அறமாகும். அகன்ற விளிம்புடைய தொப்பி, கைகளை மூடும் சட்டை, நண்பகலில் ஒதுங்கி நிற்க ஒரு கொட்டில், தேயிலைக்கு இடையே போதிய நிழல் மரங்கள் என்பன பெருஞ்செலவு வேண்டாதவை. லெய்சின் மலையில் ஒரு நோயாளியின் பாதத்துக்கு அன்று காட்டப்பட்ட கவனம், டிக்கோயா மலையிற் கொழுந்து பறிப்பவளின் முகத்துக்கும் காட்டப்படும் நாளிலேயே, ஒளி பற்றிய அறிவு மலைநாட்டை வந்தடைந்தது எனக் கூறலாம்.